முழங்காலுக்கு மேல் எலும்பு முளை: காத்திருப்பதா, எடுத்துவிடுவதா?

மேலூர் விவசாயி

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்புப் படிக்கிறான். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை என் தாயார் அவனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டபோது, வலது முழங்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, தொடையின் உட்பக்கத்தில், கொட்டைப்பாக்கு அளவில் கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. தோல் அதன்மேல் தாராளமாக நகர்கிறது. அந்த முண்டு மட்டும் அசையவில்லை. வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறான். எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டதற்கு, "போன வருசமே இருந்துச்சுப்பா" என்றான்.

மேலூர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, அங்கிருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்புப் பிரிவில் படத்தைப் பார்த்த மருத்துவர், இதற்கு ஆஸ்டியோகான்ட்ரோமா என்று பெயர், இது புற்றுநோய் அல்ல, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து அழைத்து வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டே நிமிடங்களில் பேச்சு முடிந்தது.

வீட்டிற்கு வந்த பிறகுதான் குழப்பம் தொடங்கியது. உடனே தனியார் மருத்துவமனையில் சேர்த்து எடுத்துவிட வேண்டும் என்கிறார் மைத்துனர். கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும், தொடவே கூடாது என்கிறார் தாயார். எனக்குள்ளே வேறொரு ஐயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொன்னது, செலவு செய்ய இயலாதவர்கள் என்று எங்களைப் பார்த்துச் சொன்ன சொல்லா, அல்லது யாருக்கும் இதுதான் பதிலா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலியர், நரிமேடு

ஐயா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் எலும்பு சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். வலியில்லாத, வளர்கின்ற பிள்ளையின் உடம்பிலுள்ள, படத்தில் ஐயத்திற்கு இடமில்லாமல் தெரிகின்ற ஆஸ்டியோகான்ட்ரோமாவுக்கு உலகத்தில் எந்த ஊரிலும், எவ்வளவு பணம் கட்டிப் பார்த்தாலும், முதல் பதில் இதுதான். உங்களை ஏழை என்று பார்த்துச் சொன்னதல்ல. ஆனால் அந்த இரண்டு நிமிடங்களுக்குப் பதில் பத்து நிமிடங்கள் உட்கார வைத்து விளக்கியிருந்தால் உங்களுக்கு இந்த மூன்று வாரத் துயரம் வந்திராது. விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. அடுத்த முறை தயங்காமல் கேளுங்கள்.

இது எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். பிள்ளைகளின் நீண்ட எலும்புகள் இரு முனைகளுக்கும் அருகில் உள்ள வளர்ச்சித் தகடு என்னும் குருத்தெலும்புப் பட்டையிலிருந்துதான் நீளுகின்றன. அந்தத் தகட்டின் ஓரத்துச் சிறு துணுக்கு ஒன்று இடம் மாறிப் பக்கவாட்டில் வளரத் தொடங்கினால், எலும்பின் மேல் எலும்பாகவே ஒரு முளை கிளம்புகிறது. அதன் உச்சியில் குருத்தெலும்புத் தொப்பி ஒன்று இருக்கும்; வளர்வது அந்தத் தொப்பிதான். பிள்ளை உயரம் கூடும் வரை முளையும் கூடும். வளர்ச்சித் தகடு மூடிக்கொள்ளும் வயதில் இதுவும் நின்றுவிடும். தொடையெலும்பின் கீழ்முனை, முன்காலெலும்பின் மேல்முனை, புயத்தெலும்பின் மேல்முனை ஆகிய இடங்களில்தான் இது அதிகம் வருகிறது; ஏனெனில் உடம்பில் மிக வேகமாக நீளும் இடங்கள் அவையே. தீங்கற்ற எலும்புக் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த வகைதான்.

உங்களிடம் உள்ள எக்ஸ்ரே படத்தை நல்ல வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேப்பமரத்தில் கிளை முறிந்த இடத்தில் நிற்கும் கணுவைப் போல ஒன்று தெரியும். பெரும்பாலும் அது மூட்டை விட்டு விலகி, மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். தொடையெலும்பின் ஓட்டுக்கும் அந்தக் கணுவின் ஓட்டுக்கும் இடையில் கோடு எதுவும் இராது. உள்ளே இருக்கும் மஜ்ஜைப் பகுதியும் அப்படியே தொடர்ந்து கணுவுக்குள் செல்லும். இந்தத் தொடர்ச்சியை வைத்துத்தான் மருத்துவர்கள் உறுதி செய்கிறார்கள். இதற்குச் சதையெடுத்துப் பரிசோதிக்கத் தேவையில்லை. கையில் தட்டுப்படும் அளவைவிடப் படத்தில் சிறிதாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். குருத்தெலும்புத் தொப்பி எக்ஸ்ரேயில் விழாது.

கத்தி பட்டால் பரவும் என்பது உங்கள் தாயார் மட்டுமன்றி நான் பார்த்த நூற்றுக்கணக்கான பாட்டிமார் சொன்ன சொல். அவர்கள் காலத்தில் முற்றிய புற்றுநோயோடுதான் மக்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள்; அறுவைக்குப் பிறகும் பிழைக்காதவர்களைப் பார்த்து அந்தச் சொல் நிலைத்துவிட்டது. இந்த முளைக்கு அது பொருந்தாது. தேவைப்பட்டால் தயங்காமல் எடுக்கலாம். இப்போது தேவையில்லை என்பதற்காகத்தான் காத்திருக்கிறோம். கத்திக்கு அஞ்சி அல்ல.

அழகர்கோவில் சாலை வாசகர்

எங்கள் பக்கத்தில் எலும்புக்குக் கட்டுப் போடுபவர் ஒருவர் இருக்கிறார். தைலம் போட்டு ஒரு மண்டலம் நீவினால் இப்படிப்பட்ட முண்டுகள் கரைந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். செலவும் குறைவு. முயன்று பார்ப்பதில் என்ன தவறு?

விளையாட்டு ஆசிரியர், திருமங்கலம்

தவறு இருக்கிறது, ஐயா. தங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இளகிப் பேச என்னால் இயலாது.

எலும்பு தைலத்தில் கரையாது. அது மட்டும் என்றால் காசுதான் வீண் என்று விட்டுவிடலாம். ஆனால் 10 வயதிலிருந்து 20 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு முழங்காலைச் சுற்றித் தீங்கற்ற முளை வரும் அதே இடத்தில்தான் ஆஸ்டியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயும் வருகிறது. தொடக்கத்தில் கையால் தொட்டு மட்டும் இரண்டையும் வேறுபடுத்த எவராலும் முடியாது. ஓர் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். என்னிடம் கபடி பயின்ற மாணவன் ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே வீக்கமும் வலியும் வந்தபோது, சுளுக்கு என்று நினைத்து வீட்டில் இரண்டரை மாதம் நீவிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் படம் எடுத்தபோது அது தீய கட்டியாக இருந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் இயலவில்லை. நீவுவதற்கு முன் ஒரு படம் எடுங்கள் என்று அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவருகிறேன்.

முளை என்று உறுதியான பிறகும் அழுத்தி நீவக் கூடாது. காம்புள்ள முளையாக இருந்தால் காம்பு முறியலாம். அதன்மேல் நீர்ப்பை உண்டாகி வீங்கலாம். முழங்காலுக்குப் பின்புறம் என்றால் பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய் ஓடுகிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். முழங்கால் சில்லுக்கு நேர் கீழே, முன்பக்கத்தில், ஓடியாடும் 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வலியோடு ஒரு மேடு வரும். அது கட்டியே அல்ல. சில்லிலிருந்து இறங்கும் தசைநார் இளம் எலும்பை ஓயாமல் இழுப்பதால் வரும் புண். ஆஸ்குட் ஷ்லாட்டர் என்பார்கள். ஆட்டத்தைக் குறைத்து, தொடைத் தசைகளை நீட்டும் பயிற்சி கொடுத்தால் வளர்ச்சி முடியும்போது வலி அடங்கும்; மேடு மட்டும் நின்றுபோகலாம். இதைக் கட்டி என்று எண்ணிப் பிள்ளையை ஓராண்டு மைதானத்துக்கே அனுப்பாமல் வைத்திருந்த பெற்றோரையும் பார்த்திருக்கிறேன்.

தமிழாசிரியை, உசிலம்பட்டி வட்டம்

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு ஒன்றல்ல, தொட்டு எண்ணக்கூடியவையாகவே பதினேழு முளைகள் இருக்கின்றன. முழங்கால்கள், கணுக்கால்கள், தோள்பட்டை, விலா, மணிக்கட்டு என்று எங்கும். என் தந்தைக்கும் இருந்தன. என் மகளுக்கு மூன்று வயதில் குளிப்பாட்டும்போது முதுகுப்பட்டையில் என் விரலில் முதல் முளை தட்டுப்பட்டது. பிறர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் விரலுக்கு அது நன்கு பழகிய பொருள்.

இது பரம்பரையாக வரும் பல்முளை நிலை. ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். ஈஎக்ஸ்டி1, ஈஎக்ஸ்டி2 என்ற இரண்டு மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் மாற்றம்தான் பெரும்பாலோருக்குக் காரணம் என்பது 1990களின் நடுவில் தெளிவாயிற்று. தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு; ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடில்லை. குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

எங்கள் ஊரில் என்ன சொன்னார்கள் தெரியுமா? என் தாயும் தந்தையும் அத்தை மகள், மாமன் மகன் என்பதால், சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்றார்கள். என் தாய் இறக்கும் வரை அந்தப் பழியைச் சுமந்தார். நெருங்கிய உறவில் மணம் செய்வதால் சில நோய்கள் கூடுவது உண்மையே. அவை இருவரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால் மட்டும் வெளிப்படும் நோய்கள். இது அவ்வகை அன்று. என் தந்தை எந்த ஊரில் எந்தப் பெண்ணை மணந்திருந்தாலும் எனக்கு வரும் வாய்ப்பு அதே பாதிதான். இதை எனக்கு ஒரு மருத்துவர் காகிதத்தில் நான்கு கட்டம் போட்டு விளக்கியபோது என் தாய் உயிரோடு இல்லை. அந்தக் காகிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

மேலூர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மகனின் மற்ற மூட்டுகளையும், விலாவையும், தோள்பட்டையையும் ஒருமுறை மெல்லத் தடவிப் பாருங்கள். உங்கள் குடும்பத்திலும் மனைவியார் குடும்பத்திலும் யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று கேளுங்கள். ஒன்று மட்டும் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. பல இருந்தால் கவனிப்பு வேறு. முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று குட்டையாகி மற்றொன்று வளையலாம். என் இடது மணிக்கட்டு அப்படித்தான் சாய்ந்திருக்கிறது, கரும்பலகையில் எழுதும் கை அதுவல்ல என்பது எனக்கு வாய்த்த நலம். கணுக்காலும் முழங்காலும் கோணலாம். இவற்றை வளர்ச்சி முடிவதற்குள் கண்டுபிடித்தால், எலும்பின் வளர்ச்சியையே ஒரு பக்கம் சிறிது காலம் நிறுத்திவைத்துச் சிறிய அறுவையாலேயே நேராக்க முடிகிறது. என் மகளுக்கு 11 வயதில் கணுக்காலுக்கு அப்படித்தான் செய்தார்கள்.

புற்றுநோயாக மாறுமா என்ற கேள்விக்கும் நேரான பதில் இருக்கிறது. ஒற்றை முளையில் அது 1 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. எங்களைப் போன்றவர்களுக்கு 1 முதல் 5 விழுக்காடு வரை சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் வளர்ந்த பிறகே. வளர்ச்சி நின்ற வயதில் ஒரு முளை மறுபடி பெரிதானாலோ, காரணமின்றிப் புதிதாக வலித்தாலோ, அந்த வாரமே போய் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். பெரியவர்களுக்குக் குருத்தெலும்புத் தொப்பி 2 செ.மீ. தடிமனைத் தாண்டினால் மருத்துவர்கள் ஐயுறுவார்கள். இடுப்பெலும்பிலும் தோள்பட்டையிலும் உள்ளவற்றைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்கிறார்கள்.

வாடிப்பட்டி அம்மா

என் மகனுக்கு வந்தது வேறு. ஆனால் பிள்ளைகளின் எலும்பைப் பற்றிய பேச்சு என்பதால் இங்கேயே எழுதுகிறேன். அவனுக்கு அப்போது 15 வயது. இரவு இரண்டு மணிக்குக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவான். பகலில் ஓடுவான், சைக்கிள் ஓட்டுவான். வளரும் பிள்ளைக்கு வரும் கால்வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து மாதங்கள் இப்படியே போயின. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. படிப்புக்கு அஞ்சி நடிக்கிறான் என்று ஒருவர் சொன்னதை நானும் ஒரு நாள் நம்பினேன். இன்று வரை அதற்காக என் மனம் ஆறவில்லை.

பிறகு ஒரு மருத்துவர், "வலி மாத்திரை போட்டால் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது?" என்று கேட்டார். அரைமணி நேரத்தில் முழுவதும் நின்றுவிடும் என்றேன். உடனே மெல்லிய வெட்டுகளாகச் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எலும்பின் ஓட்டுக்குள் மிளகைவிடச் சற்றே பெரிய வட்டம் ஒன்று தெரிந்தது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்னும் தீங்கற்ற சிறு எலும்புக் கட்டி அது. 1.5 செ.மீ.க்கும் குறைவான கரு ஒன்று உள்ளே உட்கார்ந்து, வலியைத் தூண்டும் பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்தச் சுரப்பை மாத்திரை தடுப்பதால்தான் வலி அப்படி நிற்கிறது. ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போன்ற கருவியை அந்தக் கருவுக்குள் செலுத்தி, ஏறத்தாழ 90 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்கள் சுட்டுவிட்டார்கள். மறுநாள் நடந்தே வீட்டிற்கு வந்தான். அன்று இரவு அவன் உறங்கினான். பழக்கத்தில் நான்தான் இரண்டு மணிக்கு எழுந்துவிட்டேன்.

வளரும் வயதுக் கால்வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும், இடம் மாறும், சில நாள் வராது. ஒரே காலில், ஒரே இடத்தில், இரவு தோறும் வந்தால் விடாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையை மட்டும் நீங்களாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். காய்ச்சல் நேரத்தில் அது ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடும்.

திருப்பரங்குன்றம் இளைஞர்

காத்திருப்பது சரி என்று எல்லாரும் எழுதுவதால், எடுத்துக்கொண்டவன் என்ற முறையில் சில வரிகள். எனக்கும் மேலூர் அண்ணன் மகனுக்கு உள்ள அதே இடம். 16 வயதில் சைக்கிள் மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் தசைநார் முளைமேல் ஏறி இறங்கி 'டக்' என்று வலித்தது. அப்போதும் வளர்ச்சி முடியட்டும் என்றார்கள். ஒன்றரை ஆண்டு பொறுத்து 17 வயது முடியும்போது எடுத்தேன். அடியோடு, தொப்பியும் அதன்மேல் உள்ள சவ்வும் சேர எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். ஆறு வாரத்தில் பழையபடி நடந்தேன். என் சித்தப்பா மகளுக்கு ஒன்பது வயதில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப்பட்டு எடுத்தார்கள். தொப்பியில் சிறிது தங்கிவிட்டதால் மூன்று ஆண்டுகளில் மறுபடி வளர்ந்தது. சிறு வயதில் முளை வளர்ச்சித் தகட்டை ஒட்டியே இருக்கும்; தோண்டும்போது தகடு பழுதானால் கால் கோணவும் கூடும். ஆனால் வலியோ, மரத்துப்போவதோ, மூட்டு மடங்காமையோ இருந்தால் வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம் என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற செவிலியர், நரிமேடு

தம்பி சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன். முழங்காலுக்கு வெளிப்புறம், கீழே உள்ள சிறிய எலும்பின் தலையில் முளை இருந்தால் அதைச் சுற்றிச் செல்லும் நரம்பு அழுந்தி, பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். அப்படித் தொய்ந்த பாதத்தோடு வருபவருக்கு வயதைப் பார்க்காமல் எடுப்பார்கள்.

மேலூர் ஐயா, பிற்காலத்தில் அறுவை தேவைப்பட்டால் பயன்படும் என்பதால் இப்போதே முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்திற்குப் போனால் பதிவு செய்வார்கள். முதல் எக்ஸ்ரே படத்தை மடிக்காமல், பத்திரப் பையோடு சேர்த்து வையுங்கள். பிறகு வரும் எந்தப் படத்துக்கும் அதுதான் அளவுகோல். அது தொலைந்தால் மருத்துவர் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். எப்போதாவது சதையெடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால், பின்னர் அறுவை செய்யப்போகும் குழுவிடமே அதையும் செய்துகொள்ளுங்கள். ஓரிடத்தில் ஊசி போட்டு வேறிடத்தில் அறுப்பது நல்லதல்ல.

மேலூர் விவசாயி (ஏழு மாதங்களுக்குப் பின்)

பதில் எழுதிய அனைவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். உசிலம்பட்டி அம்மா சொன்னபடி உடம்பு முழுவதும் தடவிப் பார்த்தோம், வேறெங்கும் இல்லை. இரு குடும்பத்திலும் விசாரித்தோம். யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

சென்ற வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பழைய படத்தோடு போனேன். வேறொரு மருத்துவர் இருந்தார். இந்த முறை எழுதி வைத்திருந்த ஐந்து கேள்விகளையும் கேட்டேன். அவர் இரண்டு படங்களையும் அருகருகே விளக்குப் பெட்டியில் மாட்டி, விரலால் தொட்டுக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முளை சிறிது உயர்ந்திருக்கிறது. பையனும் நான்கு செ.மீ. உயர்ந்திருக்கிறான், அதனோடு சேர்ந்த வளர்ச்சிதான் என்றார். முழங்கால் முழுவதும் மடங்குகிறது, பாதத்தில் மரப்பு இல்லை. கபடி ஆடலாமா என்று மகனே கேட்டான். ஆடலாம், அந்த இடத்தில் நேராக அடிபடாமல் பஞ்சுவைத்த உறை போட்டுக்கொள் என்றார். அடுத்த முறை வைகாசியில் வரச் சொல்லியிருக்கிறார்.

மைத்துனர் இப்போது பேச்சை எடுப்பதில்லை. தாயார் சனிக்கிழமை எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தவில்லை. தொடையில் மேலிருந்து கீழாக உருவிக்கொண்டு வரும் அவருடைய கை, அந்த இடம் வந்ததும் அழுத்தம் தளர்ந்து, அதைச் சுற்றிக்கொண்டு முழங்காலுக்கு இறங்குகிறது.